பெல்லட் அடுப்பு பழுது: புகையையும் தீயையும் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழிமுறை

“அடுப்பு ஒரே பொகையா இருக்கு, ஃபேன் போச்சுன்னு நெனைக்கேன்” என்று வீட்டிலிருந்து போன் வந்தால், ஸ்க்ரூ டிரைவரைத் தேடும் முன் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பெல்லட் மூட்டை எங்கே இருக்கிறது? (பெல்லட் என்பது மரத்தூள் போன்றவற்றை அழுத்திச் செய்த சிறு உருளை எரிபொருள்.)

குமரி மாவட்டத்தில் ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. இடைப்பட்ட மாதங்களிலும் கடற்காற்றில் ஈரம் குறைவதில்லை. சிமெண்ட் தரையில் வாய் திறந்து கிடக்கும் மூட்டை, பத்து நாளில் ஈரத்தை உறிஞ்சிவிடும். அந்தப் பெல்லட்டைப் போட்டால் புது அடுப்பும் புகையத்தான் செய்யும். ஆகவே பழுது பார்க்கப் போகிறவர் பையில் மல்டிமீட்டருக்கு முன்னால் இருக்க வேண்டியது, காற்றுப் புகாத டப்பாவில் ஒரு கிலோ நல்ல உலர்ந்த பெல்லட். அதைப் போட்டுப் பற்றவைத்து அடுப்பு ஒழுங்காக எரிந்தால், ஒரு ஸ்க்ரூவைக் கூடக் கழற்ற வேண்டாம்.

இங்கே சொல்வது வீட்டுச் சமையலுக்கான, ஃபேன் வைத்த பெல்லட் அடுப்பு. குளிர்நாடுகளில் அறையைச் சூடாக்க வைக்கும் பெல்லட் ஸ்டவ் வேறு; அதில் புகைபோக்கியும், பெல்லட்டைத் தானாகத் தள்ளும் திருகும் உண்டு. நம் அடுப்பில் பெரும்பாலும் பெல்லட்டை மொத்தமாக நிரப்பி மேலே பற்றவைக்கிறோம். ஃபேன் தள்ளும் காற்று இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு அடியில் உள்ள சல்லடை வழியாக ஏறி, பெல்லட்டைச் சுட்டு வாயுவாக்குகிறது. மீதிப் பங்கு இரட்டைச் சுவருக்கு நடுவே சூடாகி, விளிம்புக்குச் சற்றுக் கீழே வட்டமாக இருக்கும் துளைகள் வழியாகப் பாய்ந்து அந்த வாயுவை எரிக்கிறது. முதலாவதைக் கீழ்க்காற்று என்றும் இரண்டாவதை மேல்காற்று என்றும் வைத்துக்கொள்வோம். புகை என்பது எரியாமல் தப்பிய வாயு. கீழ்க்காற்று ஒழுங்காக வந்து மேல்காற்று வராவிட்டால் புகை. இரண்டும் வந்தும் பெல்லட் ஈரமாக இருந்தாலும் புகை. ஃபேன் சுற்றுகிறதா என்பதை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் பாதி நேரம் தவறிப் போகும்.

தேடும் வரிசை: எரிபொருள், காற்றுப் பாதை, மின்சாரம், கடைசியில் பாகங்கள்.

பற்றவைத்ததும் வெள்ளைப் புகை, ஐந்து நிமிடமாகியும் அடங்கவில்லை

ஒரு பெல்லட்டை இரு கையாலும் பிடித்து ஒடித்துப் பாருங்கள். உலர்ந்தது ‘டக்’கென்று ஒடியும், வெளிப்புறம் மினுங்கும். ஈரமானது சத்தமில்லாமல் உதிரும், மேற்புறம் வெடிப்பு வெடிப்பாக இருக்கும். நல்ல பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சந்தேகம் தீர வேண்டுமானால் 100 கிராம் எடைபோட்டு, வாணலியில் மிகச் சிறு தீயில் கருகாமல் புரட்டி, எடை இறங்குவது நிற்கும்வரை காயவையுங்கள். 12 கிராமுக்கு மேல் குறைந்தால் புகைக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

லேசாக ஈரம் ஏறியதை வெயிலில் காயவைத்து மீட்கலாம். ஊதிப் பருத்ததை மீட்க முடியாது. அது காய்ந்தாலும் தூளாகிக் காற்றை அடைக்கும். காயவைக்கும்போது தார்ப்பாயோ ஓலைப்பாயோ விரியுங்கள். முற்றத்து மணலில் நேரே பரப்பினால் என்ன ஆகும் என்பது கீழே கட்டி பற்றிச் சொல்லும் இடத்தில் வருகிறது. சேமிக்க, மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம் போதும். மூட்டையாகவே வைப்பதானால் அடியில் பலகை, சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி. மூட்டை அடியில் சேர்ந்த தூளை அரிப்பில் அரித்துக் கழித்துவிட்டுத்தான் அடுப்பில் போட வேண்டும்.

பெல்லட் சரியாக இருந்தும் புகைந்தால், நிரப்பிய உயரத்தைப் பாருங்கள். மேல்துளைகளுக்கு இரண்டு விரல்கடை கீழேயே பெல்லட் நிற்க வேண்டும். “கொஞ்சம் கூடுதலா போட்டா கொஞ்ச நேரம் கூட எரியும்” என்று துளைகளை மூடும்வரை நிரப்புவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. துளை மூடினால் மேல்காற்று இல்லை. வாயு அப்படியே அறைக்குள் வந்துவிடும்.

அடுத்தது பற்றவைக்கும் முறை. தீ மேற்பரப்பு முழுவதும் ஒரே சீராகப் பிடிக்க வேண்டும். ஒரு கைப்பிடி பெல்லட்டில் ஸ்பிரிட் தெளித்துப் பரப்பியோ, உலர்ந்த தென்னம்பாளை நாரைச் சிறிதாகக் கிழித்துப் போட்டோ கொளுத்தலாம். ஸ்பிரிட்டைக் கொளுத்துவதற்கு முன்பே தெளித்துவிட வேண்டும். எரிகிற தீயில் ஊற்றக் கூடாது. முதல் மூன்று நிமிடம் ஃபேன் மிகக் குறைந்த வேகத்தில் ஓடட்டும், பிறகு கூட்டலாம். எடுத்த எடுப்பில் முழு வேகம் வைத்தால் தீ அணைந்து புகை மட்டும் கிளம்பும்.

குலசேகரம், திருவட்டாறு, அருமனைப் பக்கம் ரப்பர் இருக்கும் வீடுகளில் விறகடுப்புக்கு ஒட்டுப்பாலை (மரத்தில் வடிந்து காய்ந்து ஒட்டிய ரப்பர் பாலை) கொளுத்திப் பழக்கம். பெல்லட் அடுப்பில் அது வேண்டாம். அதன் கரி மேல்துளைகளில் தார் போல ஒட்டிக்கொள்ளும். நாலைந்து தடவையிலேயே துளை பாதியாகச் சுருங்கிவிடும்.

தீ நன்றாக எரிந்து, திடீரென்று அணைந்து குபுகுபுவெனப் புகை

முதலில் அவசரத்துக்கு: பாத்திரத்தை இறக்கிவிட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, நீளமான குச்சியில் தீ வைத்து விளிம்பருகே காட்டுங்கள். தேங்கிய வாயு ‘புஃப்’ என்று பிடித்துக்கொள்ளும். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தபடி இதைச் செய்தால் புருவம் போகும்.

காரணம் பெரும்பாலும் பாத்திரம்தான். மீன்குழம்பு வைக்கும் மண்சட்டியின் உருண்டை அடி, அடுப்பு வளையத்துக்குள் இறங்கி வாயை மூடிவிடுகிறது. வெளியேற வழியில்லாத காற்று திரும்பிப் போய்த் தீயை அமுக்குகிறது. சட்டியின் அடிக்கும் வளையத்துக்கும் நடுவே சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். மூன்று கால் உள்ள தாங்கியை வளையத்தின் மேல் வைத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. கிழங்கு அவிக்கும் அகலமான பானைக்கும் இதுவே.

பாத்திரம் சரியாக இருந்தால், ஃபேன் சத்தத்தைக் கவனியுங்கள். தீ அணைவதற்குச் சற்று முன் சத்தம் இறங்கினால் பேட்டரி. சத்தம் மாறாமல் தீ மட்டும் அணைந்தால் ஒன்று பெல்லட் ஈரம், அல்லது சல்லடையில் கட்டி.

நீண்ட மஞ்சள் தீ, பாத்திரத்தின் அடி கருப்பு

மேல்காற்று குறைகிறது. ஃபேன் காற்றை இழுக்கும் வாயிலிருந்து தொடங்குங்கள். அடுப்பைச் சுவரோடு ஒட்டி வைத்திருப்பார்கள், அல்லது அடியில் செய்தித்தாள் விரித்திருப்பார்கள். தாள் இழுவையில் ஒட்டி வாயை அடைத்திருக்கும். வாயில் எண்ணெய்ப் பிசுக்கும் கறிவேப்பிலைத் துணுக்கும் சேர்ந்து ஒரு மெத்தை போலப் படிந்திருப்பதும் சகஜம். பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுக்கலாம்.

பிறகு மேல்துளைகள். இங்கே நம் ஊர்ச் சமையலுக்கே உரிய ஒரு பழுது இருக்கிறது. சம்பா அரிசிச் சோறு பொங்கும்போது கஞ்சித் தண்ணீர் வழிந்து துளைகளில் இறங்கிக் காய்ந்து, பீங்கான் போல இறுகிவிடும். மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கு அவிக்கும் உப்புத் தண்ணீர் வழிந்தால் இன்னும் மோசம். உப்பு உள்சுவரை அரிக்கும், சில மாடல்களில் கீழே ஃபேன் வரை இறங்கும். அடுப்பு முழுதாக ஆறிய பின், சைக்கிள் ஸ்போக் கம்பியால் ஒவ்வொரு துளையையும் குத்திச் சுத்தம் செய்யுங்கள். ஈர்க்கு வேண்டாம், ஒடிந்து உள்ளேயே நிற்கும். துளை அடைகிறது என்று டிரில் போட்டுப் பெரிதாக்கவும் கூடாது. துளை பெரிதானால் காற்றின் பாய்ச்சல் வேகம் குறையும். வாயுவோடு கலக்காமல் மேலே போய்விடும். புகை இன்னும் கூடும்.

வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது: பொங்கும் நேரத்தில் ஃபேனைக் குறைக்கலாம். எரிவாயு அடுப்பு மாதிரி உடனே அடங்காது, ஒரு நிமிடம் போல எடுக்கும். ஆகவே பானையில் கால்வாசி இடம் விட்டுத் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள்.

ஃபேன் சுற்றவில்லை

அடுப்பு ஆறிய பின், மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கரண்ட் வரும் வழியிலேயே போங்கள்.

அடாப்டர் முனையில் 12 வோல்ட் என்று எழுதியிருந்தால் சும்மா இருக்கும்போது 11.8 முதல் 12.5 வரை காட்ட வேண்டும். ஃபேனை இணைத்ததும் 11-க்குக் கீழே சரிந்தால் அடாப்டரின் உள்ளே கெப்பாசிட்டர் போய்விட்டது. அடாப்டரை மாற்றுவதே லாபம். ஐப்பசி இடி மின்னலில் அதிகம் போவது இந்த அடாப்டர்தான். வானம் இருட்டினால் பிளக்கைப் பிடுங்கி வைக்கச் சொல்லுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

அடாப்டர் நன்றாக இருந்தால் அடுப்பில் அது சொருகும் சாக்கெட். குளச்சல், முட்டம், மணக்குடி, தேங்காப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் சாக்கெட்டின் உள்ளே பச்சை படிந்திருக்கும். உப்புக்காற்று செம்பைத் தின்னும் அடையாளம் அது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துப் பாருங்கள். ஆடினாலோ கருத்திருந்தாலோ புது சாக்கெட்டைச் சால்டர் செய்துவிடுங்கள். சுரண்டி ஒப்பேற்றினால் அடுத்த மாதம் மறுபடியும் போன் வரும். வயர் முனைகள், பேட்டரி முனைகளில் மெல்லிய பெட்ரோலியம் ஜெல்லிப் பூச்சு கடலோர வீட்டுக்குக் கட்டாயம்.

அடுத்து ஃபேன் வயரில் அளவெடுங்கள். ரெகுலேட்டரை முழுதாகத் திருப்பியும் வோல்ட் வரவில்லை என்றால் போர்டு அல்லது ரெகுலேட்டர். வோல்ட் வந்தும் சுற்றவில்லை என்றால் ஃபேன். உறுதி செய்ய ஃபேனைக் கழற்றி 9 வோல்ட் பேட்டரியில் நேரே கொடுத்துப் பார்க்கலாம். 12 வோல்ட் ஃபேன் அதில் மெதுவாகச் சுற்றும். சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். திருப்பிக் கொடுத்தால் சுற்றாது, சில ஃபேன் அதிலேயே கெட்டும் போகும்.

புது ஃபேன் வாங்கும்போது அளவு, வோல்ட், ஆம்பியர் மூன்றும் பழைய ஸ்டிக்கரில் உள்ளபடி இருக்கட்டும். பால் பேரிங் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். புஷ் வைத்த மலிவு ஃபேனில் அடுப்புச் சூட்டுக்கு எண்ணெய் வற்றிவிடும். மாட்டும்போது ஃபேனின் ஓரத்தில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். காற்று அடுப்புக்குள் போகும் பக்கம் அம்பு காட்ட வேண்டும். தலைகீழாக மாட்டினால் ஃபேன் சுற்றும், சத்தமும் கேட்கும், ஆனால் சூட்டைக் கீழே இழுத்து ஒரே சமையலில் இறக்கையை உருக்கிவிடும்.

கரகர சத்தம் மட்டும் என்றால் தூசு, அல்லது பேரிங். பிரஷ்ஷால் துடைத்தும் போகாவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு சில வாரம் தாக்குப்பிடிக்க வைக்கும். தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் பசையாகி இறுகியிருக்கும், அந்த ஃபேனை மாற்றுவதே வழி.

சார்ஜ் நிற்கவில்லை

6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி முழுச் சார்ஜில், சும்மா இருக்கும்போது 6.3-க்கு மேல் காட்டும். 12 வோல்ட் என்றால் 12.6-க்கு மேல். ஃபேனை முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். 6 வோல்ட் 5.5-க்கும், 12 வோல்ட் 11-க்கும் கீழே இறங்கினால் பேட்டரி முடிந்தது. மழைக்காலம் முழுதும் அடுப்பைப் பரணில் போட்டு வைத்தால் இரண்டு வருடம் வர வேண்டிய பேட்டரி ஆறே மாதத்தில் செத்துப் போகும். உபயோகிக்காவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்ற வேண்டும். லெட் ஆசிட் இருந்த இடத்தில், சார்ஜரை மாற்றாமல் லித்தியம் பேட்டரி வைத்துக் கொடுக்காதீர்கள். இரண்டுக்கும் சார்ஜ் முறை வேறு. தீப்பிடிக்கிற காரியம்.

இருபது நிமிடத்தில் தீ சுருங்குகிறது, சல்லடையில் கண்ணாடி போன்ற கட்டி

இது கிட்டம். சாம்பலில் உள்ள மணலும் காரமும் சூட்டில் உருகி ஒட்டிக்கொண்டது. நல்ல மரத்தூள் பெல்லட்டில் சாம்பல் மிகக் குறைவு, உருகுவதும் அரிது. நெல் உமியில் சாம்பல் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கும், அது கலந்த பெல்லட்டில் சாம்பலும் கூடும். சல்லடை சீக்கிரம் அடையும். ஆனால் நல்ல பெல்லட்டையே முற்றத்து மணலில் காயவைத்துக் கூட்டி அள்ளினால் அதே கதைதான். கட்டி வருகிறது என்றால் பெல்லட் ஒரு கைப்பிடியை வெள்ளைத் துணியில் உதறிப் பாருங்கள், மணல் தெரிந்துவிடும்.

கட்டியைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. உள்சுவர் பீங்கானாக இருந்தால் கீறும். சல்லடையைக் கழற்றி வெளியே எடுத்து, தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் சாம்பல் கொட்டினால் கட்டி கையோடு வந்துவிடும். மூன்று நாள் விட்டால் வெல்டிங் வைத்த மாதிரி பிடிக்கும்.

பெல்லட் தீர்ந்துவிட்டால் கையில் கிடைத்ததைப் போடும் பழக்கத்தையும் இங்கே விசாரியுங்கள். சிரட்டைத் துண்டின் கரி, ஃபேன் காற்றில் மிகுந்த சூட்டோடு கனன்று சல்லடையை வளைக்கும். அண்டித் தோடு (முந்திரிக்கொட்டை ஓடு) அதைவிடக் கெடுதல். அதன் எண்ணெய் தோலையும் கண்ணையும் எரிக்கும், கரும்புகை தள்ளும், உருகிக் கீழே வடிந்து துளைகளை அடைக்கும்.

தீ நன்றாக இருக்கிறது, ஆனால் பெல்லட் சீக்கிரம் தீர்கிறது

இதை வாய்ப்பேச்சில் தீர்க்க முடியாது, அளந்துதான் காட்ட வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 13152, ஃபேன் வைத்த அடுப்புக்குக் குறைந்தது 35 சதவீத வெப்பத்திறன் கேட்கிறது. பெல்லட் கிலோவுக்கு சுமார் 4,000 கிலோகலோரி என்று கொண்டால், 5 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 360 கிலோகலோரி தேவை. 35 சதவீதக் கணக்கில் 260 கிராம் பெல்லட். ஆறிய சுவர் சூடாகவும் கொஞ்சம் செலவாகும். எனவே 350 கிராம் எடைபோட்டு, மூடியுள்ள அலுமினியப் பானையில் 5 லிட்டர் வையுங்கள். தீ அணைவதற்குள் கொதித்தால் அடுப்பு நன்றாக இருக்கிறது. கொதிக்காவிட்டால் ஃபேன் தேவைக்கு மேல் ஓடுகிறதா, பாத்திரம் வாயைவிடச் சிறியதா, உள்சுவர் கீறியிருக்கிறதா என்று பாருங்கள். தீ பாத்திரத்தின் பக்கங்களில் ஏறினால் ஃபேன் வேகம் அதிகம். காசு காற்றில் போகிறது.

வெளி உடம்பு தொட முடியாத சூடு, ஓரிடம் சிவக்கிறது

உடனே நிறுத்த வேண்டிய பழுது. உள்சுவர் பிளந்திருக்கும், அல்லது உலோகச் சுவர் ஓட்டையாகியிருக்கும். மயிரிழைக் கீறல் என்றால் தளர்ந்த துகளைத் துடைத்து, தண்ணீர் தொட்டு ஈரமாக்கி, சூடு தாங்கும் ஃபயர் சிமெண்டை அழுத்தி அடைத்து, ஒரு நாள் முழுதும் நிழலில் காயவிடுங்கள். முதல் தீ சிறியதாக, கால்மணி நேரம். தீக்குச்சி நுழையும் அளவு பிளவு என்றால் பூச்சு நிற்காது, உள்சுவரை மாற்றுங்கள். கடலோர வீட்டில் தகரம் உதிரும் அளவு துரு பிடித்திருந்தால் பழுது பார்க்கக் காசு வாங்காமல் உண்மையைச் சொல்லிவிடுவதே மரியாதை.

ஃபேன் கூடு மட்டும் சூடாகிறது என்றால், தீ அணைந்ததும் ஃபேனையும் அணைக்கிறார்கள். சூடு கீழிறங்கி ஃபேனையும் போர்டையும் தாக்கும். குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள்.

பக்கத்தில் பெல்லட் தொட்டி உள்ள மாடலில் தொட்டி வழியே புகை

தொட்டி மூடி சரியாக உட்காரவில்லை, அல்லது தூள் சேர்ந்து பெல்லட் இறங்காமல் பாலம் கட்டி நிற்கிறது. குச்சியால் தட்டி இறக்குங்கள். தொட்டியின் சுவர் சுட்டால் தீ பின்னோக்கி ஏறுகிறது என்று அர்த்தம். மூடியை இறுக்கி மூடிவிட்டு, அடுப்பை வெளியே கொண்டுபோகும் வழி பாருங்கள். மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றாமல் திரும்பக் கொடுக்க வேண்டாம்.

புகையே இல்லை, ஆனால் தலைவலி, மயக்கம்

மற்றப் பழுதுகளைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் கவனிக்க வேண்டியது. உடனே ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய், மயக்கம் இருந்தால் 108-ஐ அழையுங்கள். பெல்லட் எரிந்து முடிந்ததும் அடியில் கரி கனன்றுகொண்டிருக்கும். அப்போது புகையும் வாசனையும் இல்லாமல் கார்பன் மோனாக்சைடு வரும். மழைக்காலத்தில் துணி காயவைக்க அந்தக் கனலை மூடிய அறைக்குள் எடுத்துவைக்கிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. ஒருபோதும் கூடாது. சமையலறையில் இரு பக்கம் சன்னல் திறந்திருக்க வேண்டும். மீந்த கரியை இறுக்க மூடும் இரும்புப் பாத்திரத்தில் கொட்டி வெளியே வையுங்கள். சாம்பலுக்குள் கனல் மறுநாள் வரை உயிரோடிருக்கும், குப்பைக் கூடையிலோ சாக்கிலோ போடக் கூடாது. அணைக்கிறேன் என்று சூடான அடுப்புக்குள் தண்ணீர் ஊற்றினால் உள்சுவர் பிளக்கும்.

வேலை முடிந்து கிளம்பும் முன், அந்த வீட்டுப் பெல்லட்டையே போட்டு, அந்த வீட்டுப் பானையையே ஏற்றி, கால்மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். மூன்றாம் நிமிடத்துக்குப் பிறகு புகை இருக்கக் கூடாது. ரெகுலேட்டரைக் கூட்டிக் குறைக்கும்போது தீ ஒரு நிமிடத்துக்குள் மாற வேண்டும். ஃபேன் கூட்டில் கை வைக்க முடிய வேண்டும். பிளக்கைப் பிடுங்கியதும் பேட்டரியில் ஃபேன் தடங்கல் இல்லாமல் தொடர வேண்டும்.